தார் குடித்த ஜல்லி

எழுபதுகளின் நடுவில், சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். அபிராமபுரத்தில் ஒரு தெருவுக்குத் தார் போட வேண்டும். பல்லாவரத்திலிருந்து வரவேண்டிய கருங்கல் ஜல்லி நாலு நாளாக வரவில்லை. அதே சமயம் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்துக் கொண்டிருந்தார்கள். அதன் காங்கிரீட்டை உடைத்துத் தாரில் கலந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலாளியும் சரி என்றார். பெருமையாக இருந்தது.

தார்க் கலவையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரிக்கும் என் வயதுதான். சூடு தாக்காமலிருக்கக் காலில் சாக்கு சுற்றிக்கொண்டு, தார் கொதிக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பார். கலந்த ஜல்லியில் ஒன்றைக் கரண்டியில் எடுத்து வந்து காட்டினார்.

"இத்த பாரு சார். கல்லு மேல பழைய சிமெண்டு ஒட்டிக்கினு கீது. தாரெல்லாம் அதான் குடிக்குது. மழை வந்தா பேத்துக்கினு பூடும்."

"தாரைக் கொஞ்சம் கூட ஊற்றுங்கள், போதும்" என்றேன்.

"எவ்ளோ ஊத்தினாலும் குடிக்கும் சார்" என்று முனகிக்கொண்டே போனார். ஆனாலும் நான் சொன்னபடியே செய்தார்.

ஐப்பசி மழையில், பத்தே நாளில் தெரு பெயர்ந்தது. சைக்கிளில் வந்த ஓர் ஆசிரியை குழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். முதலாளி நேரில் வந்து, எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "கலவையை யார் பார்த்தது?"

"மேஸ்திரிதான் சார்" என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய மீதிக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து, காலில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

இரண்டு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அடையாற்றங்கரையில் அவர் குடிசை இருந்த இடத்துக்குப் போனேன். அரசாங்கம் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தது. விசாரித்து விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கண்டுபிடித்தேன். மேஸ்திரிக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்கள் எச்சரித்தும் நான்தான் கலக்கச் சொன்னேன் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"இப்போ எய்தி இன்னா சார் ஆவப் போவுது? அன்னிக்கு பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தே? ஒரு வார்த்தை வரலியே."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். மேஸ்திரி அதை வாங்கித் தானே குடித்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு, "பழைய கதை எதுக்கு?" என்று காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார். மேஸ்திரியை அவர் திரும்பக் கூப்பிடவில்லை. தை மாதம் அடையாறில் ஒரு பெரிய சாலை வேலை வந்தது. அதை முழுக்க என் பொறுப்பில் விட்டார்.