கசந்த சுரைக்காய்

என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் நம்பியதோ செல்போனை. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் விசைத்தறி ஓடுகிற இரைச்சலிலும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பார். சாப்பாட்டு வைத்தியம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்தடுத்து அதுவேதான் வரும். முதலில் சோற்றை விட்டார், பிறகு இட்லியை. கடைசியில், காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு என்று வந்து நின்றது.

அன்றும் மிக்சியில் அடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

"இன்னாங்க?"

"கசக்குதுமே."

"சுரைக்காய் எங்கனா கசக்குமா? கீழ கொட்டிடுங்க."

"கசந்தாத்தான் மருந்துன்னு வீடியோல அந்த ஆளு சொல்லிக்கீறான். நீ சும்மா இரு."

மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்துவிட்டார்.

தறிக்குப் போனவர் சற்று நேரத்தில் சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்தார். வாசலிலேயே வாந்தி. வயிறும் நிற்காமல் போனது. அடுத்த வாந்தியில் ரத்தத்தைப் பார்த்ததும் தெருவுக்கு ஓடிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றினார். நகரி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, உடனே திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் புத்தூரைத் தாண்டும்போது அவர் கை சில்லிட்டிருந்தது.

"தூங்காதீங்க, என்னப் பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். இமை மட்டும் லேசாக அசைந்தது.

திருப்பதியில் டாக்டரம்மா தெலுங்கில், "ஏமி தாகினாரு?" என்றார். என்ன குடித்தார் என்று சொன்னேன். "சேதுகா உந்தா?" கசந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன். கசந்த சுரைக்காய் விஷம், பிபி இறங்கிவிட்டது, நாளை காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் காலையில் கண் திறந்தார். உள்ளே விட்டபோது என்னிடம் முதலில் கேட்டது, "ஏமே, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?"

வீட்டுக்கு வந்த பிறகு, நடந்ததை அந்த வீடியோவின் கீழே அவரே எழுதினார். மாலைக்குள் வீடியோ போட்டவர்கள் இவர் எழுதியதைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி எழுத முடியாதபடி இவரைத் தடுத்தும் விட்டார்கள்.

இவரைப் பார்த்துச் சாறு குடிக்க ஆரம்பித்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நடக்கத் தெம்பு வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். "எனக்கு ஒண்ணும் ஆகல, உன் உடம்புக்கு ஒத்துக்கல" என்றாள் ஒருத்தி.

"ஒத்துக்காம இல்லமே. கசந்தா துப்பிடு, அவ்ளோதான்" என்றார் இவர்.

அவள் கேட்டாளா, தெரியாது. அவள் வீட்டில் மிக்சி ஓடும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போய், "கசக்குதான்னு பாத்தியாமே?" என்று குரல் கொடுக்கிறேன்.