கிட்டாருக்குள் அரிசி

அண்ணன் வியாழக்கிழமை சாயந்தரம் மாத்தளையில் ரயிலேறி இந்தியாவுக்குப் போகிறான் என்ற செய்தி எனக்குப் புதன்கிழமை மத்தியானம்தான் வந்தது. கொண்டு வந்தவன் அண்ணனின் தோட்டம் இருக்கிற இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் கலேவெலைக்கு மிளகாய் ஏற்ற வந்த லொறிக்காரன். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு என் வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கிட்டார மறக்காம கொண்டாரச் சொன்னாருங்க" என்றான், கிளாசைத் திருப்பித் தரும்போது.

தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் அந்தப் பக்கம், இத்தனை பேர் இந்தப் பக்கம் என்று இலங்கை அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஆளைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. என் வீட்டுக்காரருக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. ஆகவே நான் இந்தப் பக்கம். அண்ணன் அந்தப் பக்கம். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்துக் காம்பராவில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரை இப்படிப் பிரிக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும்.

கிட்டார், தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்துவிட்டுப் போன சின்னத்துரை ஒருவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனது. பகலெல்லாம் தேயிலை ஃபெக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயந்தரத்தில் அதை மடியில் வைத்துத் தானாகவே பழகிக்கொண்டான். என் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன், திரும்பிப் போகையில் விட்டுவிட்டுப் போனான். லயத்துக் கூரை ஒழுகும், மழைத்தண்ணி பட்டால் பலகை ஊதிவிடும், உன் வீட்டு ஓடு நல்ல ஓடு என்றான். வரும்போதெல்லாம் எடுத்து வாசிப்பான். அவனுக்குப் பிள்ளை பிறந்த பிறகு வரவில்லை. அது என் வீட்டில், மிளகாய்ச் சாக்குகளுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

லொறி போனதும் அதை இறக்கினேன். உள்ளே ஏதோ உருண்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் மண்குளவி கூடு கட்டியிருக்கிறது. ஒன்றல்ல, அடுத்தடுத்து வரிசையாக, லயம் கட்டின மாதிரி. கூட்டைச் சுற்றிக் கரப்பான் சிறகு, ஒட்டறை, மிளகாய்த் தூசி. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் தும்மல் பிடித்துக்கொண்டது. இதையா அண்ணன் கையில் கொடுத்து அனுப்புவது? வருஷக்கணக்கில் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்த பொருளை இந்தக் கோலத்தில் கொடுத்தால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது.

கம்பிகள் குறுக்கே இருந்ததால் ஓட்டைக்குள் கை போகவில்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி, பேப்பரில் மடித்துக் கைப்பையில் போட்டேன். திரும்ப மாட்ட எனக்குத் தெரியாது. அதனாலென்ன, மாட்டத் தெரிந்தவன்தானே வாங்கப் போகிறான். கூட்டைக் குடைக்கம்பியால் நெம்பினேன். அது பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளேயே விழுந்தது. கவிழ்த்துத் தட்டினால் பாதி வந்தது; மீதி மண் பலகையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஈரத்துணி போடப் பயம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எண்ணெய்ப் போத்தலுக்குள் விரல் போகாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்குவோம். அடியில் ஒட்டிய கசடெல்லாம் அரிசியோடு வந்துவிடும். அம்மா அப்படித்தான் கழுவினாள், நானும் அப்படித்தான் கழுவினேன். கிட்டாரும் வாய் சின்னதாக, வயிறு பெரிதாக, ஒரு போத்தல் மாதிரித்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பிடி போதாது என்று இரண்டு பிடி போட்டு, ஓட்டையைத் துணியால் அடைத்து, கை வலிக்கும்வரை குலுக்கினேன். அண்ணனைப் பங்கு போட்டவர்கள் மேல் இருந்த கோபத்தை எல்லாம் அந்தக் குலுக்கலில் காட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கவிழ்த்தபோது அரிசி கறுத்து வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பலகை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காலையில் வீட்டுக்காரர் கிட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "உள்ள அரிசி கெடக்குது போலயே. செக்கிங்ல புடிச்சா என்னா பண்ணுவ?"

அந்த வருஷங்களில் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. ரோட்டுக்குக் குறுக்கே கம்பு போட்டு, பஸ்ஸை நிறுத்தி, மூட்டையெல்லாம் குத்திப் பார்ப்பார்கள். வயல் பக்கமான எங்கள் ஊரில் அரிசி உண்டு. மாத்தளைத் தோட்டங்களில் பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசை. மறுபடி கவிழ்த்துக் குலுக்கினேன். உள்ளே பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த சட்டங்களுக்குப் பின்னால் அரிசி போய் மாட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது, அரிசி வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரயிலுக்குக் கட்டிய சோற்றுப் பார்சல்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சமைத்த சோற்றுக்குத் தடையில்லை, சமைக்காததுதான் குற்றம்.

தம்புள்ளையில் மாத்தளை பஸ் ஏறி உட்கார்ந்தேன். பஸ் குழியில் இறங்கினால் போதும், மடியிலிருந்து சலசல என்று சத்தம். பக்கத்தில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

"ஏங்க, அத ஆட்டாம வச்சிருக்க மாட்டீங்களா? எல்லாரையும் சேத்து மாட்டி விட்றாதீங்க."

அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தலையணை பஞ்சு வைத்த தலையணை மாதிரி அமுங்கவில்லை. முன் சீட்டுக்காரர் மடியில் ஒரு டின். அதன் மூடியிலிருந்து அவர் கையை எடுக்கவேயில்லை. பஸ் முழுக்க அரிசி ஒளிந்து உட்கார்ந்திருந்தது. சத்தம் போட்டது என்னுடையது மட்டும்தான். கிட்டாரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

செக்கிங்கில் பஸ் நின்றது. ஏறி வந்த கொன்ஸ்டபிள் இளவயசுக்காரன். அவன் முதல் சீட்டைத் தாண்டும்போது டிரைவர் பஸ்ஸைக் கொஞ்சம் ஓரம் கட்டினார். ஒரு குலுக்கல். சலசல.

"நங்கி, ஹால் நேத?" என்றான். தங்கச்சி, அரிசிதானே என்று கேட்கிறான்.

தூசி எடுக்கப் போட்டது, இவ்வளவுதான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் சிரித்தான். இப்படி எத்தனை கதை கேட்டிருப்பானோ. ஓட்டை வழியாகப் பார்த்தான்; சட்டத்துக்குப் பின்னால் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். கிட்டாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டோரக் கொட்டிலில் ஒரு மேசை. கிட்டாரைக் குப்புறப் போட்டு, பின்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற இடத்தில் கத்தி நுனியை வைத்தான். திறந்து பார்க்கப் போகிறானாம்.

நான் பயந்த சுபாவம் என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் பொலிஸ்காரன் கையைப் பிடிப்பேன் என்று நானே நினைத்ததில்லை. பிடித்தேன். சிங்களம் பாதி, தமிழ் பாதியாகக் கத்தினேன்.

"எங்கண்ணன் இன்னிக்கி ஊர விட்டே போறான்! கத்திய எடுங்க! அரிசிதானே வேணும், நானே எடுத்துத் தாறேன்!"

கையை உதறினான். அறைந்துவிடுவான் என்று நினைத்தேன். சத்தம் கேட்டுக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து சார்ஜன்ட் வந்தார், வாயில் வெற்றிலை. என்ன என்று கேட்டார். கொன்ஸ்டபிள் சொன்னான். அவர் கிட்டாரை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லு என்று கை காட்டினார்.

அங்கே கிடந்த பழைய பேப்பரைத் தரையில் விரித்து, கிட்டாரைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்து ஆட்டினேன். பஸ் ஹோர்ன் அடித்தது. வரவில்லை. சாய்த்தேன், தட்டினேன், அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு உள்ளங்கையால் அறைந்தேன். பஸ் போய்விட்டால் ரயில் போய்விடும். ரயில் போய்விட்டால் கிட்டார் எனக்குத்தான். எனக்கு அது வேண்டாம், ஆண்டவனே, அது அவனுக்குப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு பக்கம் சாய்த்தபோது கொஞ்சம் விழுந்தது. இன்னொரு பக்கம் சாய்த்தபோது இன்னும் கொஞ்சம். கறுத்த அரிசி, குளவிமண், ஒரு கரப்பான் கால். எல்லாம் சேர்த்து ஒரு கோழிக்குக்கூடக் காணாது.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். இதையா கடத்துகிறாள் என்று கொன்ஸ்டபிளைக் கேட்டார். கொட்டிலடியில் மேய்ந்த கோழி வந்து நிஜமாகவே கொத்தத் தொடங்கியது. கொன்ஸ்டபிளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வெட்கத்தில் என் கைப்பையைப் பிடுங்கி மேசைமேல் கொட்டினான். சோற்றுப் பார்சல், துவாய், பேப்பர் சுருள், சில்லறை, எல்லாவற்றையும் கிளறினான். ஒன்றும் இல்லை.

"யன்ட, யன்ட" என்றார் சார்ஜன்ட், பஸ் பக்கம் கை காட்டி. போ என்கிறார்.

அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. டிரைவர் எடுக்கப் பார்த்திருக்கிறார். தலையணைக்காரம்மா கதவில் நின்று, அந்தப் பொம்பளப் புள்ள வராம பஸ் போகாது என்று சத்தம் போட்டிருக்கிறார். நான் இறங்கிய பிறகு பஸ்ஸை யாரும் செக் பண்ணவேயில்லை. அந்த அம்மா என்னை உட்கார வைத்து, என் தலையைத் தடவி, "நல்லா இருப்பீங்க" என்றார். தலையணை அவர் மடியில் கல்லுப் போல இருந்தது.

மாத்தளை ஸ்டேசனில் அண்ணன் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். கண்டியில் மாறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். அண்ணி மடியில் பிள்ளை வீரிட்டு அழுதது. ஜன்னல் வழியாகக் கிட்டாரை நீட்டினேன். அவன் முதலில் ஓட்டைக்குள்தான் பார்த்தான்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "கம்பி எங்கம்மா?"

கைப்பையைத் துழாவினேன். சோற்றுப் பார்சல் இருந்தது, துவாய் இருந்தது, சில்லறை இருந்தது. பேப்பர் சுருள் இல்லை. அது அந்தப் பாவி மேசைமேல் கிடக்கிறது. பார்சல்களை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, பிளாட்போமிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவு பாடுபட்டு ஒரு வெறும் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"எந்திரி. கம்பி அங்கயும் கெடைக்கும்" என்றான் அண்ணன். பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதற்கு இடம் விடக் கிட்டாரைத் தூக்கி மறுபக்கம் வைத்தான். உள்ளே எங்கேயோ, எந்தச் சட்டத்துக்குப் பின்னாலேயோ, இரண்டு மூன்று அரிசி உருண்டது. பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

அண்ணன் என்னைப் பார்த்தான். கிட்டாரைப் பிள்ளையின் காதுக்குக் கிட்டப் பிடித்து மறுபடி ஆட்டினான். பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது.

"குடு, அதையும் எடுத்துர்றேன். மன்னாருல புடிச்சிருவாங்க" என்று எழுந்தேன்.

"புடிச்சா தங்கச்சி வச்சதுன்னு சொல்லிர்றேன்" என்றான்.

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அண்ணன் கையை ஆட்டவில்லை. அவன் இரண்டு கையாலும் கிட்டாரைப் பிடித்துப் பிள்ளைக்கு ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் வாசித்து நான் கேட்டது அதுதான் கடைசி.