நரிப்பாறையில் கட்டிய வீடுகள்

என் வீட்டுக்காரரின் அக்கா சிவபாக்கியத்தை நேரில் 'மதினி' என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை தெரியாதவள் என்று யாராவது நினைத்தால், ஒரு மாதம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

பழனி அடிவாரத்தில் முடி இறக்கும் இடத்துக்கு வெளியே கிண்ணத்தோடு நிற்பவர்களில் அவளும் ஒருத்தி. மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் தலையில் சந்தனம் பூசுவது அவள் பிழைப்பு. பூசுவது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அறைவாள். குழந்தை வீரிட்டு அழும், அப்பன்காரன் முறைப்பான். "முருகனுக்குக் குடுத்த தலைய்யா, இதுக்கெல்லாம் கலங்காது" என்று இன்னொன்று வைப்பாள். அப்படியும் கூட்டம் அவளிடம்தான் போகும், சந்தனத்தில் தண்ணீர் கலக்கமாட்டாள் என்று. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பின்கட்டில் இரண்டு அறைகளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீடு இப்போது என் வீட்டுக்காரர் ராஜமுருகனுடையது. என் மாமனார் அதைக் கட்டியபோது அவள் பாவாடை கட்டிய சிறுமியாம். கொத்தனாருக்கு மண் சுமந்தாளாம். தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தாராம். இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை வந்தாலும் மண் சுமந்த கதை. கொடியில் துணி காயப்போடச் சண்டை வந்தாலும் மண் சுமந்த கதை.

எங்கள் தெருவில் எல்லோரும் பின்பக்கத்தை இடித்து, பாதயாத்திரை வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டிவிட்டார்கள். நாங்கள் மட்டும் பஞ்சாமிர்தக் கடையை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். லாட்ஜ் கட்ட வேண்டுமென்றால் பின்கட்டு போக வேண்டும். பின்கட்டு போனால் அவள் போக வேண்டும். ஆசையாகத்தான் இருந்தது, ஒளித்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அவளிடம் யார் வாயைத் திறப்பது?

இவர்தான் யோசனை சொன்னார். "மலைக்குக் கூட்டிட்டுப் போவோம். நல்ல காத்து, வயிறாரச் சோறு. அந்த நேரம் பாத்துச் சொல்லிருவோம்." அக்காளைப் பற்றி இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் எதுவுமே தெரிந்துகொள்ளவில்லை.

வெள்ளனே காரில் கிளம்பினோம். பேத்துப்பாறைக்கு மேலே நரிப்பாறைக் காடு என்று ஒரு காப்புக்காடு இருக்கிறது. ஒரு பக்கம் சோலை, மறுபக்கம் புல்லும் மொட்டைப் பாறையும், பாறை முடிகிற இடத்தில் தலைசுற்றும் பள்ளம். மேகம் இல்லாவிட்டால் பழனி மலையே அங்கிருந்து தெரியும். துணைக்கு ஆள் எடுக்காமல் நாமே சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் இவருக்குப் பிடித்திருந்தது. காசு மிச்சமாகும் இடமெல்லாம் இவருக்கு அழகான இடம்தான்.

வாசலில் காவலுக்கு இருந்த அழகுமலை முதலில் எங்கள் பையைச் சோதித்தார். அவளுடைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். அவ்வளவுதான். "தாகத்துக்கு உன் தலையையா குடிக்கிறது?" என்று ஆரம்பித்தவள், முணுமுணுத்துக்கொண்டே பாட்டிலைக் காரில் வைக்கப் போனாள். அந்த நேரத்தில்தான் அவர் எங்களுக்கு வழி சொன்னார்.

"திருப்பத்துக்குத் திருப்பம் மூணு தட்டைக்கல்லு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, உச்சியில சுண்ணாம்பு வச்சிருக்கோம்ங்க. அதப் பாத்தே போங்க. கல்லு இல்லாத பக்கம் கால் வைக்காதீங்க. மேகம் எறங்குச்சுன்னா பாறை எங்க முடியுதுன்னே தெரியாது."

அவள் திரும்பி வந்தபோது கையில் பாட்டிலும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. எந்த மலையாக இருந்தாலும் வெறுங்காலோடுதான் ஏறுவாள். வழியைப் பற்றி நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தானே வரப்போகிறாள் என்று இருந்துவிட்டோம்.

சோலையைத் தாண்டியதும் ஓர் அகலமான பாறை வந்தது. அதில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். இவர் நாலு தடவை தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"பின்கட்ட இடிக்கப் போற. அதான?" என்றாள் அவள், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே. "நேத்து நீயே எனக்குத் தட்டு கழுவி வச்சப்பவே தெரியும்லே."

"தைக்குள்ள வேலைய ஆரம்பிச்சாத்தான்க்கா சரியா வரும். உனக்கு அடிவாரத்துலயே ஒரு ரூம் பாத்துத் தாரேன்."

"மண்ணு சொமந்தவளுக்கு வாடகை ரூமு. தொட்டில்ல மோண்டவனுக்கு லாட்ஜு."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "எத்தன வருசத்துக்குத்தான் மதினி அந்த மண்ணையே சொமப்பீங்க?"

"நீ பேசாத. நீ நேத்து வந்தவ."

என் மகள் காலேஜ் போகிறாள். நான் நேற்று வந்தவளாம்!

அவள் இலையை மடக்கினாள், கையைப் புல்லில் துடைத்தாள், எழுந்தாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டாள். "போகட்டும், கோபம் ஆறட்டும்" என்றார் இவர். சொல்லி முடித்த நிம்மதியில் என் பங்கு புளிச்சோற்றையும் அவரே சாப்பிட்டார்.

நாங்கள் கிளம்பிய சிறிது நேரத்தில் மேகம் இறங்கியது. முன்னால் நடக்கிறவரின் சட்டையே மங்கலாகத்தான் தெரிந்தது. அடுக்குக் கல்லைத் தேடித் தேடி நடந்தோம். "இந்தா, இங்க ஒண்ணு இருக்கு" என்று இவர் வலப்பக்கம் திரும்பினார். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எனக்கு என்னவோ உறுத்தியது. மூன்று கல் இல்லை, ஐந்தும் ஆறுமாக இருந்தன. சுண்ணாம்பும் இல்லை. சொன்னேன்.

"மூணோ அஞ்சோ, கல்லு கல்லுதான?" என்றார். என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறார், இப்போது கேட்க? அடுத்த அடுக்கை நோக்கிக் காலை எட்டி வைத்தார். ஈரப்பாறையில் ஷூ வழுக்கியது. கத்தக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே சரசரவென்று சறுக்கிக் கீழே போனார்.

நான் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, திண்டு மாதிரி துருத்திக்கொண்டிருந்த கல்லில் கால் முட்டி நின்றிருந்தார். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாறையைக் கட்டிப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் என் வாயில் முருகன் வரவில்லை, அம்மா வரவில்லை. "மதினி!" என்றுதான் கத்தினேன்.

மேகத்துக்குள்ளிருந்து வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, செத்துட்டியா?"

"இல்லக்கா."

"பெறகெதுக்கு இவ ஒப்பாரி வைக்கிறா? செருப்பக் கழட்டு."

"ஷூக்கா. புதுசு."

"அப்பப் போட்டுக்கிட்டே சாவு. கூடவே வச்சு எரிச்சிருவோம்."

ஒரு காலால் மறு காலை உரசிக் கழற்றினார். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அது கேட்காததிலேயே இவர் இன்னும் விறைத்துப் போனார். கையை எடுக்க மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அவள் பாறையில் குப்புறப் படுத்தாள். "என் காலப் பிடி. விட்றணும்னு தோணும். விட்றாத" என்றாள் என்னிடம். இரண்டு கணுக்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பித்தவெடிப்பு உள்ளங்கையில் கீறியது. விட்டுவிடத் தோன்றவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பிறகு தம்பியைத் திட்ட ஆரம்பித்தாள். அப்பா செத்த அன்றைக்குக் கடையை மூடாதவன். அக்காளுக்குச் சீர் என்று அழுகின வாழைத்தார் கொண்டுவந்தவன். அவளுடைய கம்மலை வைத்துத்தான் இவர் பைக் வாங்கினாராம்.

இவர் கண்ணைத் திறந்தார். "அது உன் கம்மல் இல்ல! அம்மா கம்மல்!"

"என் காதுல கெடந்த கம்மலுலே, திருட்டுப் பயலே!"

"அம்மாதான் எனக்குக் குடுத்துச்சு!"

"அப்ப மேல வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

வந்தார். வெறுங்கால் பாறையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முழம் ஏறினார். கைக்கு எட்டியதும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். மூன்று பேரும் பாறையில் கிடந்து மூச்சு வாங்கினோம்.

"கண்ணு தெரியாதா? இங்கிட்டு எதுக்குடா வந்தீக?" என்றாள்.

"கல்லப் பாத்துத்தான் மதினி வந்தோம். வழிக்கு அடுக்கி வச்ச கல்லு" என்றேன்.

"வழிக்கா? இங்கிட்டு இருக்கிறது நான் வச்ச கல்லுல்ல?"

எங்கள் பக்கம் மலைக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் சொந்த வீடு அமைய வேண்டும் என்று வழியோரத்தில் கல் அடுக்குவார்கள். வரும்போது பார்த்த சுண்ணாம்புக் கல்லையெல்லாம் அவள் அப்படி நினைத்திருக்கிறாள். இத்தனை பேர் வேண்டியிருக்கிறார்களே, பலிக்கிற இடம்போல என்று, எங்களிடமிருந்து எழுந்து போன ஆத்திரத்தில் பாறை நெடுக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். பழனி மலை தெரியட்டும் என்று விளிம்பு ஓரமாகவே அடுக்கியிருக்கிறாள்.

இவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் கறுத்தது. "வீட்டக் காலி பண்ணச் சொன்னதுக்கு, கல்ல வச்சுக் கொல்லப் பாத்தியேக்கா" என்றார்.

அவள் வாயடைத்துப் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது நன்றாக இல்லை.

அப்போது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. காலேஜ் பிள்ளைகள் கூட்டம். "மச்சான், இங்க கல்லு இருக்குடா, இப்படி வா" என்று ஒருத்தன் கூப்பிட்டான்.

"நில்லுங்கடா! நின்ன எடத்துல நில்லு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முதல் அடுக்கைக் காலால் எத்தினாள்.

எங்கள் ஊரில் அதை யாரும் செய்யமாட்டார்கள். அடுத்தவர் அடுக்கின கல்லைத் தட்டினால் தலைக்கு மேல் கூரை நிற்காது என்று சிறுபிள்ளைகளைக்கூட அதட்டி வைப்பார்கள். தான் அடுக்கினதைத் தானே தட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை, அப்படி யாரும் தட்டியது இல்லை. அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னால் போனோம். ஒன்றுக்கு மாடி வைத்திருந்தாள். ஒன்றைச் சுற்றிக் கூழாங்கல்லால் காம்பவுண்டு கட்டியிருந்தாள். பையன்கள் ஓரமாக ஒதுங்கி நின்று, பைத்தியம் என்று நினைத்துப் பார்த்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கினான். நான் பார்த்த பார்வையில் இறக்கிவிட்டான்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. நாங்கள் சாப்பிட்ட பாறைக்குக் கொஞ்சம் மேலே, அவள் முதன்முதலில் அடுக்கியது. முன்னால் ஒரு பெரிய கல் அடுக்கு, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு சின்ன அடுக்கு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீடு.

இவர் வெறுங்காலோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இது இருக்கட்டும். இங்கன யாரும் விழ மாட்டாக. பின்கட்ட நான் இடிக்கல. நீ இருந்துக்க."

எனக்குச் சுருக்கென்றது. லாட்ஜ் போயிற்று என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

"கொலகாரிக்கு வீடு குடுப்பியாலே?"

"ஏதோ பதட்டத்துல வாய் தவறிருச்சுக்கா."

"தூக்கிவிட்டதுக்குக் கூலியா இது? கூலிக்கு நான் சந்தனந்தான் பூசுவேன்."

அதை மட்டும் காலால் எத்தவில்லை. குனிந்து, பின்னால் இருந்த இரண்டு அடுக்கையும் கல் கல்லாக எடுத்து ஓரமாக வைத்தாள். முன்னால் இருந்த பெரிய அடுக்கைத் தொடவே இல்லை. "அது உன்னோடது. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். காரில் ஏறமாட்டேன் என்று பெருமாள்மலை வரைக்கும் நடந்து, பஸ் பிடித்து ஊருக்குப் போனாள்.

அந்த வாரமே பாலசமுத்திரம் பக்கம் ஒரு ரூமுக்கு மாறிவிட்டாள். சாமானைத் தூக்க இவர் போனதற்கு, "உன் சோலியப் பாரு" என்று கதவைச் சாத்தினாளாம்.

தை வந்தது, போனது. இவர் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. கேட்டால் எழுந்து கடைக்குப் போய்விடுகிறார். பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. லாட்ஜும் இல்லை, வாடகைக்கு விடவும் விடமாட்டேன் என்கிறார். இருந்த வரைக்கும் இரண்டு அறையோடு இருந்தாள். இப்போது வீட்டின் எந்த மூலையில் விளக்குமாற்றை வைத்தாலும் அது அவள் சுமந்த மண்ணாகத்தான் இருக்கிறது. நான் கேட்ட இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. தினமும் அதைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டு வருகிறேன்.