மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆபீஸ்

அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஓடாத மின்விசிறி, காய்ந்த பெயிண்ட் டப்பா, சக்கரமில்லாத சைக்கிள் எல்லாம் சேர்ந்து குடித்தனம் நடத்தின. தையல்காரி வருஷக்கணக்காகப் புருஷனிடம் அந்த இடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மெஷின் இருந்தது சாப்பாட்டு மேஜையில். யாருக்குப் பசித்தாலும் வெட்டிய துணியை வாரிச் சுருட்ட வேண்டும். போன மாதம் ஒரு பட்டுத் துணியில் எண்ணெய் சிந்தியது. துணிக்காரி திட்டிவிட்டுப் போனவள், தன் அக்கா தங்கைகளையும் வரவிடாமல் செய்துவிட்டாள். இன்னொரு துணி இப்படிப் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

புருஷன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அடுத்தவர் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உத்தியோகம். அதையும் உருப்படியாகப் பார்த்ததில்லை. அந்த மகானுபாவர் ஒருநாள் திருவாய் மலர்ந்தார்.

"படிக்குக் கீழ எனக்கு ஒரு ஆபீஸ் போடப்போறேன்."

"வீட்ல உங்களுக்கு என்ன ஆபீஸ் வேல?"

"மனுஷன் உக்காந்து யோசிக்க வேணாமா?"

இதுவரை யோசித்துக் கிழித்தது போதாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தச்சர் வந்தார். சுவரோடு ஓர் இருக்கை, எதிரே ஒரு மேஜை, இரண்டும் அசையக் கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. அளவெடுக்க அவரை உட்காரச் சொன்னார் தச்சர். டேப்பைக் கண்டதுமே ஐயா மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வரும் தொப்பைக்காரர்கள் அத்தனை பேரும் செய்கிற கூத்து அது. தையல்காரி அவர்களுக்குப் பேசாமல் நாலு விரல் கூட்டி வெட்டிவிடுவாள். தச்சருக்கு அது தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். நமக்கென்ன வந்தது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை முடிந்ததும் ஐயா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, தம் ஆபீஸுக்குள் தம்மைச் செருகிக் காட்டினார். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது? விட்டார். மாட்டிக்கொண்டார். அவளுடைய தம்பி கையைப் பிடித்து இழுக்க, தச்சர் தோளைத் தள்ள, ஒருவழியாக வெளியே வந்தார்.

"கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் யோசன வரும்," என்றார், சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே.

அப்புறம் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. தையல்காரி யாரையும் கேட்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மேஜையில் வைத்தாள். வெட்டிய துணி வெட்டிய இடத்திலேயே கிடந்தது. பட்டுத் துணிக்காரியே ஒருநாள் திரும்பி வந்து, இடம் அம்சமாக இருக்கிறது என்றாள்.

"பாவம், கஷ்டப்படறாளேன்னு நான்தான் விட்டுக் குடுத்தேன்," என்றார் ஐயா கூடத்திலிருந்து.

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள்.

"நீங்க எங்க குடுத்தீங்க? உங்க தொப்ப குடுத்துச்சு."

சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அவள் நிறுத்திக் கேட்கவில்லை.