முழங்கால் அளவு தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் இப்போது முந்தி மாதிரி இல்லை. முன்னுக்குப் பின் மாறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்குச் சொல்லி எழுதுவிக்க வெட்கமாக இருந்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

இது இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்டூருக்குக் கிட்ட, ஆற்றங்கரையில் எங்கள் ஊர். வெளியார் வாவி என்பார்கள், எங்களுக்கு அது ஆறுதான். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. அவர் மட்டக்களப்பு டவுனில் சைக்கிள் திருத்துகிற வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வேலியோரம் ஒரு கொட்டில் போட்டு அதே வேலையைச் செய்தார். குணமான மனிதர். ஆனால் பயஸ்கோப்புப் பைத்தியம்.

அந்த வருசம் துறைக்கு அக்கரையில் ஒரு கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். பேசும் படம் வந்து எத்தனையோ காலம் ஆகியும், அந்தக் கூடாரக்காரர் பழைய பேசாத சிரிப்புப் படங்களைத்தான் கொண்டு திரிந்தார். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார், இன்னொருவர் மேளம் தட்டுவார். நாங்கள் வீட்டோடு தோணி ஏறிப் போனோம். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி இருந்தேன்.

கடைசியாகக் காட்டிய படத்தில், மெலிந்த ஒருவர் தன்னைவிடப் பெரிய கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு ஒரு சேவலைத் திருடிக்கொண்டு ஓடுவார். ஏழெட்டுப் பேர் துரத்துவார்கள். வரம்பில் ஓடி, சேற்றில் விழுந்து, ஒரு தோணியில் ஏறித் தப்புவார். கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தோணி கவிழும். கையைக் காலை அடித்து, வாயைப் பிளந்து கத்துவார். சத்தம் வராது, மேளம்தான் கேட்கும். மறுகா, கத்தி ஓய்ந்த பிறகு, எழும்பி நிற்பார். தண்ணீர் முழங்கால் அளவு. சேவல் அவர் தலையில் நிற்கும்.

கூடாரம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கதை சொல்கிறவர், இந்தப் படம் நம்முடைய ஆற்றங்கரையில்தான் எங்கேயோ எடுத்தது என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சேவல் எங்கள் சேவல். கரையில் சோடியாக நின்ற மருதமரங்கள் எனக்குத் தெரிந்த மரங்கள். அதன் அடியில் அரைப்பாவாடையோடு, மேலுக்குச் சட்டை இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்த குட்டி, நான்.

படம் எடுத்த நேரம் எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த மாரியில் வெள்ளம் வயலுக்குள் ஏறிவிட்டது. கல்லாறு என்கிற ஊர்ப் பக்கம், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டார்கள். அப்படி வெட்டிவிட்டால் ஆறு மளமளவென்று வடியும். ஆள் தாழ்கிற ஆழம் இருந்த இடத்தில் மூன்றாம் நாள் கொக்கு நின்று மீன் பிடிக்கும். ஆம்பிளைகள் எல்லாரும் உடைந்த வரம்பைக் கட்ட வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் படக்காரர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் கைபிடி சுற்றுகிற பெட்டியோடு நின்றார். மற்றவர்கள் தமிழ் பேசினார்கள், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. அம்மாவிடம் சேவலைக் கேட்டு வாங்கினார்கள். ஊர் ஆட்களில் கரையில் நின்று பார்த்தது அம்மாவும் நானும் மட்டும்தான்.

அந்தக் கோட்டுக்காரருக்குத் தோணி கவிழப்போவது தெரியாது. அவர்களோடு வந்த தோணிக்காரரின் காதில் மட்டும் ஏதோ சொன்னார்கள். கவிழ்ந்ததும் அவர் அம்மா அம்மா என்று கத்தினார். கால் தரையில் பட்டதும் எழும்பி நின்று, பெட்டி சுற்றுகிறவரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கைபிடி நின்றது. அவர் கரைக்கு வந்து, தோணிக்கு மறைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து நடுங்கினார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தா. பின்னேரம் அவர்கள் எங்கள் சேவலைக் கறி வைத்துத் தின்றுவிட்டார்கள். நான் அழுதது சேவலுக்காகத்தான்.

படம் பார்த்து வந்த நாள் தொட்டு எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு நினைவில்லை. அது எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரீல் அறுந்தால் மெசின்காரர் வெட்டி எறிகிற துண்டு இருக்குமே, அதில் விரல் நீளத்துக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வேலை முடிந்ததும் கரையோரமாகப் போவார். துண்டை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, படத்தில் தூரத்தில் தெரிகிற மலையையும் எதிரே இருக்கிற மலையையும் ஒத்துப் பார்ப்பார். ஊரில் கேட்டால் ஒருவர் துறையடி என்பார், ஒருவர் இல்லை, அங்கால கோயிலடி என்பார். மச்சான் முறைக்காரர் வேண்டுமென்றே அவரை முட்பற்றைக்குள் அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது, "என்ன மாப்பிள்ள, சேவல் கள்ளன் ஆப்பிட்டானா?" என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சரியான இடம் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும். அம்மா மருமகனுக்கு முன்னால் வந்து நின்று பேசமாட்டா. நான்?

ஒரு நாள் கொட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுபோன நேரம், அந்தத் துண்டை என் கையில் தந்தார். "இஞ்ச பாரு புள்ள, இந்தக் குட்டியப் பாரன், என்னமாச் சிரிக்குது. இவள் ஆரெண்டு தெரிஞ்சாப் போதும், இடத்தக் கையோட புடிச்சிருவன்."

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எள்ளளவு முகம். கண் மூக்குத் தெரியவில்லை, குனிந்து சிரிப்பது மட்டும் வடிவாகத் தெரிந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொன்னால் மனிதர் சும்மா இருக்கமாட்டார், சைக்கிள் கொண்டு வருகிற எல்லாருக்கும் காட்டுவார். பெண்டாட்டி சட்டையில்லாமல் நிற்கிற படத்தை ஊர் ஆம்பிளைகள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்கள். நினைக்கவே உடம்பு கூசியது.

மார்கழியில் அவரே கண்டுபிடித்துவிட்டார். சோடி மருதில் ஒன்றை யாரோ தோணி செய்ய வெட்டியிருந்தார்கள். அதனால்தான் அவ்வளவு நாள் பிடிபடவில்லை. அடிக்கட்டையைக் கண்டதும் விளங்கிவிட்டது. மலையும் சரியாக ஒத்து வந்தது. பெரிய சந்தோசம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டு, அதே இடத்தில் அதே மாதிரித் தோணியால் விழுந்து காட்டுகிறேன், பிறகாவது நம்புங்கள் என்றார். யாரிடமோ ஒரு பழைய கோட்டு இரவல் வாங்கினார். என் அண்ணன் தோணி தள்ள ஒத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, முழங்கால் அளவு தண்ணீர்தானே, கோட்டு நனையும், அவ்வளவுதான் என்று தன்பாட்டில் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு நிறைந்து கலங்கிக் கிடந்தது. அந்த வருசம் கல்லாற்றில் இன்னும் வெட்டவில்லை. ஆறு அப்படி ஏறி இறங்குவது டவுனில் சைக்கிளோடு கிடந்த அவருக்கு எங்கே தெரியும்? அவர் ஆற்றில் இறங்கி ஒரு நாளும் குளித்ததில்லை, எப்போதும் கிணறுதான். நீந்தத் தெரியாது என்று ஒரு தடவை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மச்சான்மாருக்குத் தெரிந்தால் பகிடி பண்ணுவார்களே.

தண்ணீர் ஆழம் என்று ஊருக்குத் தெரியும். அவருக்கு நீந்தத் தெரியாது என்று ஊருக்குத் தெரியாது. படம் எடுத்த நேரம் ஆறு வடிந்து கிடந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆறு வடிந்து கிடந்தது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தேன். போகிற இடத்தில் தண்ணீரைக் கண்டால் அவருக்கே விளங்கும், அண்ணனும் கூடத்தானே போகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கரையில் முப்பது நாற்பது பேர். நான் பெண்களுக்குப் பின்னால், முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். தோணியில் அவர் கோட்டோடும் ஒரு சேவலோடும் எழும்பி நின்றார். துண்டை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று அண்ணனுக்குக் கை காட்டினார். சரி வந்ததும் துண்டைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார்.

சேவல் பறந்து தோணி முனையில் ஏறியது. கரை முழுக்கச் சிரிப்பு. அவர் தாழ்ந்து மேலே வந்தார். கையை அடித்தார். வாயைப் பிளந்து கத்தினார். படத்தில் பார்த்தது அச்சொட்டாக அப்படியேதான். அச்சா நடிப்பு என்று ஒருவர் கைதட்டினார். ஒருவர் தகரத்தில் மேளம் தட்டினார். அண்ணன் கம்பைப் பிடித்துக்கொண்டு தோணியில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் திரும்பத் தாழ்ந்தார். திரும்ப வந்தபோது கத்தவில்லை, வாய்க்குள் தண்ணீர். சனம் இன்னும் பலமாகச் சிரித்தது.

இனி பகிடியை விட்டு நீந்தி வருவார் என்று எல்லாரும் காத்து நின்றார்கள். நான் மட்டும் அவருக்கு நீந்த வராது என்று அறிந்தவள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு நாளும் சத்தம் போட்டறியாத தொண்டை, அந்த நேரத்திலும் வரமாட்டேன் என்று நின்றது. பெண்களை இடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். இடுப்பளவு வந்த பிறகுதான் குரல் வந்தது.

"அண்ணா, அவருக்கு நீந்தத் தெரியா!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருக்கத்தக்கதாகவே குதித்தார். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. கரையில் சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், பின்னால் நின்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அவரை இழுத்து வந்தார்கள். தோணியைக் கவிழ்த்து, அதன்மேல் குப்புறப் போட்டு முதுகை அமத்தினார்கள். தண்ணீர் வந்தது. எவ்வளவோ நேரம் கழித்து மூச்சு வந்தது. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனது. மேளம் தட்டின ஆள் தகரத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணன் தூரப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

அம்மா தேத்தண்ணி ஊற்றி என்னிடம் கொடுத்துவிட்டா. கொண்டு போனால், அவர் தோணிக்கு மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அதே மருதடி. அந்த இடத்திலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வடிந்து கிடந்தது, தோணிக்காரரின் காதில் சொன்னது, சேவல், எல்லாம். அவர் இடையில் ஒன்று கேட்டார்.

"அப்ப அந்தாளும் உண்மையாத்தான் கத்தினவரா?"

ஓம் என்றேன். படத்தில் சிரிக்கிற குட்டி நான்தான் என்றும் சொன்னேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். அதெல்லாம் தெரிந்தும் ஏன் மத்தியானம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்ப நீ ஏன் புள்ள சிரிச்ச?"

எல்லாரும் சிரித்தார்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அது எனக்கு நல்ல ஞாபகம்.

கோட்டுப் பையில் பார்த்தோம், துண்டு இல்லை. ஆற்றோடு போய்விட்டது. அவர் அதற்குப் பிறகும் என்னோடு நெடுங்காலம் வாழ்ந்தார். சிரிப்புப் படம் பார்ப்பதையும் விடவில்லை. ஆனால் படத்தில் யாராவது தண்ணீரில் விழுந்தால், திரையைப் பார்க்காமல் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். இன்றைக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கத்தினாலும் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கிழவிக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி உங்களிடம் ஒரு உதவி. படக்காரர் எந்த ஊரார், அது எந்த வருசம், படத்தின் பேர் என்ன, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் எழுதியதில் பிழை இருக்கலாம், அறிந்தவர்கள் திருத்துங்கள். பழைய படம் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்களாம். யாரிடமாவது இந்தப் படம் இருந்தால், கடைசிக் காட்சியில் மருதமரத்தடியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்தக் குட்டி முடியும்வரை சிரித்துக்கொண்டே நிற்கிறாளா, அல்லது அந்த மனிதர் உண்மையாகக் கத்துகிறார் என்று விளங்கி நடுவில் எங்கேயாவது நிறுத்துகிறாளா என்று பார்த்து எழுதுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.