அப்பா நிரப்பாமல் வைத்திருந்த அடி

பாண்டிருப்பில் பிறந்து, அம்மன் கோயிலில் பூசை செய்து, அம்மனுக்கே பாட்டுக் கட்டி வாழ்ந்த எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. அவருடைய ஒரே மகள் எழுதுகிறேன்.

வயல் பங்கோ, கலியாணப் பேச்சோ, "ஐயா, ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்று ஊரார் வந்து நிற்பார்கள். காலையில் அவர் சொன்னது பின்னேரம் கல்முனைச் சந்தையில் பிறர் வாயில் கேட்கும். இறந்தவரின் மாதமும் திதியும் சொல்லும் திதி வெண்பாவை ஊரில் எல்லோருக்கும் எழுதியவரும் அவரே.

சூறாவளிக்கு முதல்நாள் தம்பி கடலுக்குப் போனான். தோணிப் பலகை ஒன்று கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. சடங்கை முடிக்கும்படி உறவினர் நெருக்கினர், அம்மா அழுதார். அப்பா மூன்று அடி எழுதி, திதி வரவேண்டிய கடைசி அடியை விட்டுவிட்டார்.

"கடல் இன்னும் ஒண்டும் சொல்லல்ல. நான் எப்பிடி நாள் குறிக்கிற?"

அந்தச் சொல்லும் சந்தைக்குப் போனது. மழை வருமா என்று கேட்டாலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு வருடம் அந்தத் தாள் அம்மன் படத்தின் பின்னே இருந்தது. பூசையறைத் தாளை நாங்கள் தொடுவதில்லை. இந்தத் தை மாதம் ஒரு காலை அப்பா அதை எடுத்து, வாய்விட்டுச் சொல்லியபடியே நிரப்பினார். மாசி, பூர்வபக்கத் தசமி, வளர்பிறைப் பத்தாம் நாள்.

"அப்பா, சூறாவளி கார்த்திகையிலதானே வந்த?"

"ஓம் மகள், தெரியும்."

மறதி என்றே நினைத்தேன். ஆனாலும் அவர் குறித்த நாளில் தம்பிக்குத் திவசம் கொடுக்க ஆயத்தமானோம். அன்று தம்பிக்குப் பிடித்ததில் மீன் தவிர எல்லாம் சமைத்து இலை படைத்தோம். அப்பா குளித்து வந்து அந்த இலைக்கு முன் உட்கார்ந்தார்.

"அப்பா, அது தம்பிட இலை."

"இல்ல மகள்."

சுவரில் சாய்ந்தார். அத்தோடு அவர் மூச்சு நின்றுவிட்டது.

மலர் அச்சிடத் தாளைக் கொண்டுபோனபோது, கல்முனை அச்சகத்து முஸ்லிம் அண்ணர், நாங்கள் நாநா என்று அழைப்பவர், அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதில கடலும் இல்ல, தோணியும் இல்ல. கோயில் மணியும் விளக்கும்தான் கிடக்கு."

ஏழு வருடங்களுக்கு முன்பே அப்பா எழுதியது தம்பிக்கல்ல. அந்த வெண்பாதான் முன்பக்கத்தில் இருக்கிறது.

தம்பி வைக்கவேண்டிய கொள்ளியை வைத்த பெரியப்பாவின் மகனுக்கும், அச்சுக்கூலி வாங்க மறுத்த நாநாவுக்கும், எங்களைத் தனியே விடாத உங்கள் அனைவருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. தம்பியின் திதி எப்போது என்று இனி யாரும் அம்மாவிடம் கேட்க வேண்டாம். நேற்றும் ஒருவர் கேட்டார். அம்மா அவனுடைய தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"கடல் இன்னும் ஒண்டும் சொல்லல்ல."