துள்ளிய குஞ்சுகளும் ஒரு நச்சு மரபணுவும்: திருவையாறு போய்வந்த கதை

இந்த வருடம் தை மாதம் நான்கு நாள் விடுப்பில் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். கோயில் பார்க்க அல்ல. என்னோடு ஆராய்ச்சி படித்த ஷமீமா போனில், "கட்லா மீனெல்லாம் வயித்துல செவப்புப் புண்ணோட மெதக்குதுடி. நம்ம பழைய ஆளுதான்னு தோணுது" என்றாள். பழைய ஆள் என்றால் ஏரோமோனாஸ், குளத்து மீன்களுக்குப் புண்நோய் தரும் பாக்டீரியா. மாணவிகளாக இருந்தபோது அதன் மரபணுக்களைத்தான் இருவரும் துருவிக்கொண்டிருந்தோம். பிறகு நான் சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். அவள் திருவையாற்றுக்குப் பக்கத்தில் மீன் வளர்க்கிறாள்; கணவர் துபாயில்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும் நேரத்தில் தஞ்சாவூர். பழைய பேருந்து நிலையத்திலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டிக் காவிரிக்கு வரும்வரை இருபுறமும் அறுவடைக்கு நின்ற சம்பா.

படிக்கும் காலத்தில் இதே வழியில் ஐஸ் பெட்டியோடு வருவோம். ஒருமுறை கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா பெட்டியில, கருவாடா?" என்று கேட்டார். "கருவாடு இல்லீங்க, சீக்கு மீனு" என்றாள் ஷமீமா. சுற்றியிருந்த சீட்டெல்லாம் காலி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை சிரித்தோம்.

அவளிடம் இரண்டு குளங்கள். பெரியதில்தான் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளியிருந்த சின்னக் குளத்தில் குஞ்சுகள் வெள்ளியாகத் துள்ளின. பக்கத்து ஊரில் முதன்முறையாகக் குளம் வெட்டியிருந்த செல்வராஜ் அவற்றை வாங்கிப்போக நாள் குறித்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த பாக்டீரியா எல்லாக் குளத்திலும் இருக்கும். இருப்பதாலேயே மீன் சாகாது. சிலவற்றிடம் மட்டும் செல்லைத் துளைக்கும் நச்சைச் செய்கிற மரபணு இருக்கும். அவைதான் ஆபத்து. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மரபணுவைச் சோதித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டு குளத்து மீன்களையும் எடுத்துக்கொண்டு நாங்கள் படித்த கல்லூரிக்கே போனோம். எங்கள் ஜூனியர் இப்போது அங்கே பேராசிரியை, ஆய்வகத்தைத் திறந்துவிட்டாள். பாக்டீரியா வளரும்வரை வேலை இல்லை. காவிரிக் கரையில் உட்கார்ந்து சூடான அசோகா அல்வா சாப்பிட்டோம். (திருவையாறு போனால் தவறவிடாதீர்கள், வாழையிலைத் துண்டில் நெய் வழிய வரும்.) விடுதி, சண்டைகள், யார் யார் எங்கே என்று பேசித் தீரவில்லை. அவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் மரபணுச் சோதனையின் ஜெல்லில் கோடுகள் ஒளிர்ந்தன; கோடு விழுந்தால் அந்த மரபணு இருக்கிறது என்று அர்த்தம். பெரிய குளத்து மாதிரியில் நச்சு மரபணு இருந்தது. எதிர்பார்த்ததுதான். குஞ்சுகளின் மாதிரியிலும் இருந்தது.

"மாத்தி ஊத்திட்டோமோ?" என்றேன்.

"இல்லடி. நாந்தான் ஊத்துனேன்."

மறுபடியும் செய்தோம். அதே கோடு.

அடுத்த நாள் காலை செல்வராஜ் மினி லாரியில் காலி டிரம்களோடு வந்தார். குளத்தை எட்டிப் பார்த்து, "நல்லாத்தானேங்க துள்ளுது?" என்றார்.

"துள்ளுதுண்ணே. ஆனா பெரிய குளத்து மீனைக் கொல்ற அதே கிருமி இதுலயும் இருக்கு. உங்க குளத்துல விட்டா அங்கயும் பரவிடும்" என்றாள் ஷமீமா.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே! நான் வேணாம்னா வேற ஆளுக்குக் குடுப்பீங்களா?"

"யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். டிரம்கள் உருளும் சத்தம் ரோடு திரும்பும்வரை கேட்டது. ஷமீமா கரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடத்துக்கு அவள் நம்பியிருந்தது அந்தக் குஞ்சுகளைத்தான்.

நான் சென்னை திரும்பிய அதே வாரம் குஞ்சுகளும் மிதக்கத் தொடங்கின. இரண்டு குளங்களையும் வற்றவைத்து, சுண்ணாம்பு போட்டு, சித்திரை வெயிலில் வெடிக்கும்வரை காயவிட்டாள். ஆடியில் சோதித்து வாங்கிய புதுக் குஞ்சுகளை விட்டாள். அவை வளர்ந்ததும் முதலில் வந்து கேட்டவர் செல்வராஜ்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு போய்வரலாம். மீன் குளங்களுக்குள் இறங்கினால், ஒரு குளத்துச் சேறு பட்ட செருப்போடு அடுத்த குளத்துக்குப் போகாதீர்கள். பழைய சிநேகிதியைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள். நான் எடுத்துவிட்டிருந்தேன். செல்வராஜ் வெறும் வண்டியோடு போன அன்றைக்கே அவளைக் கரையில் தனியாக விட்டுவிட்டு ரயிலேற வேண்டியதாயிற்று.